விலைக்கு வராத சிபாரிசு

(சிறு தொழில் செய்வோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒரு மாலை நேர வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் யாருக்கும் இந்தச் செய்தி வராமல் இருந்திருக்காது. மின்னஞ்சலில் வரும், வாட்ஸ்அப்பிலும் வரும். “சார், உங்கள் தளத்தைப் பார்த்தோம். கூகுளில் முதல் பக்கத்தில் வரவில்லை. டிஏ ஐம்பதுக்கு மேல் உள்ள தளங்களிலிருந்து நூறு பேக்லிங்க், கூடவே கெஸ்ட் போஸ்ட், மூன்று மாதத்தில் ரேங்க் உத்தரவாதம்.” கீழே மூன்று பேக்கேஜ், மூன்று விலை. மாதாமாதம் இந்தப் பணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிற பலரை எனக்குத் தெரியும். பேக்கரி வைத்திருப்பவர், கதவு ஜன்னல் செய்பவர், பல் டாக்டர் என்று எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். எதை வாங்குகிறோம் என்று அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்குத்தான் வந்தேன்.

முதலில் அந்த ‘டிஏ’. டொமைன் அத்தாரிட்டி என்பதன் சுருக்கம் அது. மோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காகத் தானே வகுத்துக்கொண்ட மதிப்பெண், நூறு வரைக்கும் போகும். கூகுள் தன் வரிசையைத் தீர்மானிக்க இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. கூகுளில் வேலை செய்பவர்களே இதைப் பலமுறை சொல்லிவிட்டார்கள். ஆக, விலைப்பட்டியலில் கொட்டை எழுத்தில் இருக்கிற அந்த ஐம்பது, விற்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படும் எண். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

சரி, பேக்லிங்க், அதாவது பிறர் தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு, அதற்கு ஏன் இவ்வளவு கிராக்கி? 1996இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு தேடுபொறியை உருவாக்கத் தொடங்கினார்கள். அன்றிருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தன. அதனால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்தவர் மேலே வந்தார். இவர்கள் வேறொரு துறையிலிருந்து யோசனை எடுத்தார்கள். விஞ்ஞானிகள் கட்டுரை எழுதும்போது முன்னால் வந்த கட்டுரைகளைக் குறிப்பிடுவார்கள் அல்லவா? எந்தக் கட்டுரையை எத்தனை பேர் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1964இலேயே பெரிய அட்டவணை போட ஆரம்பித்திருந்தார். அதே கணக்கை இணையத்துக்குப் போட்டால் என்ன என்று பேஜும் பிரின்னும் நினைத்தார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஓர் ஓட்டு. 1998இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த மாநாட்டில் அவர்கள் வைத்த கட்டுரையில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. பேஜ்ரேங்க் என்று அதற்குப் பெயர்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஓட்டுப் போடுகிற பக்கத்துக்கே எவ்வளவு மதிப்பு என்று முதலில் பார்க்கும். அடுத்து, அந்த மதிப்பை அந்தப் பக்கம் எத்தனை பேருக்குப் பங்கு போடுகிறது என்று பார்க்கும். நல்ல லாரி மெக்கானிக் யார் என்று விசாரிப்பதாக வைத்துக்கொள்வோம். இருபது லாரி வைத்திருப்பவர் ஒரே ஒரு பெயரைச் சொன்னால் அங்கே போவோம். போகிற வருகிறவர்களிடமெல்லாம் நூறு பெயரை ஒப்பிக்கிற ஆள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம். அந்த இரண்டு மாணவர்கள் கணிதத்தில் எழுதியது இந்த விவேகத்தைத்தான். இன்றைக்குக் கூகுள் இதோடு சேர்த்து இன்னும் எத்தனையோ விஷயங்களைப் பார்க்கிறது. இருந்தாலும் அடிப்படை இதுதான்: சம்பந்தம் உள்ளவர், தானாக, தன் பெயரைப் பணயம் வைத்துச் சொல்கிற சிபாரிசு.

அந்தச் சிபாரிசைக் காசு கொடுத்து வாங்கினால் என்ன ஆகும்? ஜே.சி. பென்னி என்று அமெரிக்காவில் ஒரு பழைய பெரிய ஜவுளி, வீட்டுச் சாமான் நிறுவனம். 2010ஆம் ஆண்டுக் கடைசியில், பண்டிகை வியாபாரம் சூடு பிடித்திருந்த மாதங்களில், ‘டிரஸ்’ என்று தேடினாலும் அவர்கள் முதலில், ‘படுக்கை விரிப்பு’ என்றாலும் அவர்கள், ‘தரை விரிப்பு’ என்றாலும் அவர்கள். சாம்சொனைட் பெட்டியின் பெயரைப் போட்டுத் தேடினால்கூடச் சாம்சொனைட் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கும் மேலே இவர்கள் வந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குச் சந்தேகம் வந்து ஒரு நிபுணரிடம் ஆராயச் சொன்னது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் பென்னிக்கு இணைப்புகள் கிடந்தன. சூதாட்டத் தளம், பல்கேரியாவில் சொத்து விற்கும் தளம், அணுப் பொறியியல் என்று பெயர் வைத்துக்கொண்ட தளம். அங்கெல்லாம் மாலை நேர உடைக்கு என்ன வேலை? யாரோ காசு வாங்கிக்கொண்டு வைத்த இணைப்புகள். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லி, நிறுவனம் தன்னைத் தேடலில் மேலே கொண்டுவர அமர்த்திய எஸ்இஓ ஆலோசகரை வேலையிலிருந்து நீக்கியது.

2011 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மாலை கூகுள் கை வைத்தது. இரண்டே மணி நேரத்தில் சாம்சொனைட் தேடலில் முதலாவதாக இருந்த பென்னி 71ஆம் இடத்துக்குப் போனது. ‘வரவேற்பறை மரச்சாமான்’ தேடலில் முதலிடத்திலிருந்து 68. எத்தனையோ மாதம் காசு கொட்டிக் கட்டியது ஒரு சாயங்காலத்தில் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து இங்கிலாந்தில் இன்டர்ஃப்ளோரா என்ற பூ விற்பனை நிறுவனத்துக்கும் இதுவே நேர்ந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகளின் தளங்களில் விளம்பரத்தைக் கட்டுரை போல எழுதி, அதற்குள் இணைப்புகளை வைத்திருந்தார்கள். 2013 பிப்ரவரியில், அந்நாட்டு அன்னையர் தினத்துக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், சொந்தப் பெயரைப் போட்டுத் தேடினால்கூட அவர்கள் வராமல் போனார்கள். பூ வியாபாரத்தில் அந்த வாரங்களின் அருமை உங்களுக்குத் தெரியும். இடம் விற்ற பத்திரிகைத் தளங்களும் மதிப்பிழந்தன. ஏறக்குறைய 11 நாள் கழித்துத்தான் இன்டர்ஃப்ளோரா தேடலுக்குத் திரும்பியது.

விளம்பரம் செய்வதே குற்றம் என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். காசு கொடுத்து வைத்த இணைப்பு என்றால் அதை அப்படியே அடையாளம் காட்டச் சொல்கிறது கூகுள். 2005இல் ‘நோஃபாலோ’ என்ற குறியீடு வந்தது, 2019இல் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியீடும் வந்தது. இதை இட்டுவிட்டால் ஆட்கள் படிக்கலாம், சொடுக்கலாம், உங்கள் கடைக்கு வரலாம். ஓட்டுக் கணக்கில் மட்டும் சேராது. அந்த மின்னஞ்சலை அனுப்பியவரிடம் “ஸ்பான்சர்டு குறியீடு போட்டுத் தருவீர்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

என் கவலை பென்னியைப் பற்றியது இல்லை. அவர்களுக்கு ஆயிரத்துக்கும் மேல் கடைகள் இருந்தன, தொலைக்காட்சியில் விளம்பரம் இருந்தது, மறுபடி மேலே வந்தார்கள். அவ்வளவு பெரிய பெயர் தேடலில் வராவிட்டால் தேடுகிறவரே கூகுளைக் குறை சொல்வார். உங்கள் கடை காணாமல் போனால் ஒருவருக்கும் தெரியாது. போன் வருவது நின்றிருக்கும், சீசன் சரியில்லை போலிருக்கிறது என்று நீங்களும் நினைத்துக்கொள்வீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலான நேரம் தண்டனைகூட வருவதில்லை. பென்குவின் என்ற பெயரில் 2012 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்த மாற்றம் போலி இணைப்பு வைத்தவர்களைக் கீழே தள்ளியது. 2016 செப்டம்பருக்குப் பிறகு அத்தகைய இணைப்பைக் கண்டால் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறது. அதாவது நீங்கள் மாதாமாதம் கட்டும் பணம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிறது. விற்பவர் அனுப்பும் எக்செல் ஷீட்டில் மட்டும் நூறு வரிகள் பச்சையாக இருக்கும். உழைத்துச் சம்பாதித்த பணம் இப்படிக் கரைவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அப்படியானால் என்னதான் செய்வது? இதற்கு ஒரு மனிதரின் அனுபவத்தைச் சொல்கிறேன். மார்கஸ் ஷெரிடன் என்பவர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து நீச்சல்குளம் அமைத்துத் தரும் தொழில் செய்தார். 2001இல் தொடங்கிய சிறு நிறுவனம், ரிவர் பூல்ஸ் என்று பெயர். ஃபைபர்கிளாஸில் வார்த்த தொட்டியைக் கொண்டுவந்து குழியில் இறக்குவார்கள். 2008இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. வீட்டின் மேல் கடன் வாங்கித்தான் அங்கே பலர் குளம் கட்டுவார்கள், அந்தக் கடன் நின்றது. 2009 தொடக்கத்தில் வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்து ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிற நிலை. விளம்பரத்துக்குப் பணமே இல்லை.

அவர் செய்தது ஒரே காரியம். இத்தனை வருஷத்தில் வாடிக்கையாளர்கள் தன்னிடம் கேட்ட கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தன் தளத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். பகலில் வேலை, இரவில் எழுத்து. எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி என்ன? எவ்வளவு ஆகும்? அந்தத் தொழிலில் ஒருவரும் அதை இணையத்தில் எழுதத் துணியவில்லை. காரணம் மூன்று சொல்வார்கள். ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு மாதிரி, போட்டிக்காரன் பார்த்துவிடுவான், விலையைக் கேட்டதும் ஆள் ஓடிவிடுவான். இந்த அரங்கிலும் நாளைக்கே இதே மூன்றைச் சொல்லப் போகிறவர்கள் இருப்பீர்கள். ஷெரிடன் எழுதினார். எதனால் விலை கூடும், எதனால் குறையும், எந்த அளவுக் குளம் எந்த வரம்புக்குள் வரும் என்று விளக்கினார். அந்த ஒரு கட்டுரையைப் படித்து வந்தவர்களிடம் மட்டும் குறைந்தது 17 லட்சம் டாலர் விற்பனை நடந்ததாக 2013இல் நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அவர் எழுதிய வேறு இரண்டு கட்டுரைகள். ஒன்று, ஃபைபர்கிளாஸ் குளத்தில் என்னென்ன குறைகள் உண்டு என்பது. தான் விற்கிற சரக்கின் குறையைத் தானே எழுதினார். அகலத்துக்கு ஓர் எல்லை உண்டு, விரும்பிய வடிவமெல்லாம் கிடைக்காது, இந்த இந்தத் தேவை உள்ளவர் கான்கிரீட் குளத்துக்குப் போவதே நல்லது என்று. மற்றொன்று, ரிச்மண்ட் நகரில் நல்ல நீச்சல்குளக்காரர்கள் யார் யார் என்ற பட்டியல். அதில் போட்டியாளர்களின் பெயர்கள் இருந்தன. தன் நிறுவனத்தை அவர் சேர்க்கவில்லை. அந்தக் கேள்வியைத் தேடியவர்கள் பதில் படிக்க இவருடைய வாசலுக்குத்தான் வந்தார்கள். 2007இல் விளம்பரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர் செலவழித்த நிறுவனம், 2011இல் இருபதாயிரம் டாலர் அளவுக்குச் செலவழித்து முன்பைவிடக் கூடுதலாக விற்றது.

இதில் இணைப்பு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நேர்மையான விலைக் கட்டுரை ஒன்று இருக்கிறது என்றால், வீட்டுத் தோட்டம் பற்றி எழுதுகிறவர் அதைக் காட்டுகிறார், சந்தைப்படுத்தல் பாடம் நடத்துகிறவர் காட்டுகிறார், கடைசியில் தேசியப் பத்திரிகையே வந்து பேட்டி எடுக்கிறது. எல்லோருக்கும் அதைச் சுட்ட ஒரு காரணம் இருந்தது. சுட்டிக்காட்ட ஒன்றுமே இல்லாத தளத்துக்குத்தான் இணைப்பை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

நீச்சல்குளம் நமக்கு எட்டாத சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். குழி தோண்டும் இன்னொரு தொழிலைச் சொல்கிறேன். போர்வெல். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போகாத மாநிலம் இந்தியாவில் அபூர்வம். வீடு கட்டுகிற ஒருவர் ராத்திரி போனை எடுத்து “போர் போட எவ்வளவு ஆகும்” என்று கேட்கிறார். வருவது என்ன? ‘சிறந்த சேவை, நியாயமான விலை, இன்றே அழையுங்கள்’ என்ற பக்கங்கள். அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. அடிக்கு இவ்வளவு என்று சொல்கிறார்களே, அது எத்தனை அடி வரைக்கும்? முந்நூறு அடிக்குக் கீழே போனால் ஒவ்வொரு நூறு அடிக்கும் ரேட் ஏறும் என்பதை முன்கூட்டியே யார் சொல்வார்கள்? கேசிங் பைப் அந்த ரேட்டில் சேர்த்தியா, தனியா? மண் சரிகிற இடத்தில் கேசிங் எத்தனை அடி இறங்கும்? தண்ணீர் வராவிட்டால் பணம் திரும்புமா? நீரோட்டம் பார்ப்பவர் சொன்ன இடத்தை நம்பலாமா? பழைய போரை ஃப்ளஷிங் செய்தால் ஊறுமா, புதிதாகவே போட வேண்டுமா?

முப்பது வருஷம் ரிக் ஓட்டியவருக்கு இதற்கெல்லாம் பதில் தெரியும். ஒரு வேலையின் பில்லை அப்படியே எடுத்து, பெயரை மறைத்துவிட்டு, வரி வரியாக விளக்கி ஒரு பக்கம் எழுதட்டும். எந்தப் பகுதியில் போர் போடுவது வீண் செலவு என்பதையும் எழுதட்டும். ஒரு வேலை கை நழுவலாம். ஆனால் அதைப் படித்த பத்து பேர் வேறு ஆளிடம் போக மாட்டார்கள்.

இன்னொரு பக்கம் கட்டாயம் எழுத வேண்டும்: கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை எப்படி மூடுவது என்று. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் அப்படியொரு கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்க நடந்த முயற்சியை நாடே இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த மூடி போட வேண்டும், வெறும் சாக்கைக் கட்டி வைப்பது ஏன் ஆபத்து, எதைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்று படத்தோடு தெளிவாகத் தமிழில் எழுதினால், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து, பத்திரிகை என்று யாரும் தயங்காமல் அதைப் பிறருக்குக் காட்டுவார்கள். அந்தப் பக்கத்தை இணைப்புக்காக எழுத வேண்டாம். எழுதப்பட வேண்டியது என்பதற்காக எழுதுங்கள்.

எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதுமா என்றால், போதாது. நாலு பேரிடம் சொல்ல வேண்டும். அதற்குக் கூச்சம் வேண்டாம். ஆரம்பிக்கும் இடம் உங்கள் கணக்குப் புத்தகம். யாரிடம் சரக்கு வாங்குகிறீர்கள்? மோட்டார் கம்பெனி, பைப் கம்பெனி ஆகியவற்றின் தளங்களில் டீலர் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா, இருந்தால் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் பெயர் இருக்கும், முகவரி இருக்கும், இணைப்பு மட்டும் இருக்காது. ஒரு போன் செய்தால் சேர்த்துவிடுவார்கள். உங்கள் சங்கத்தின் உறுப்பினர் பக்கம், நீங்கள் வேலை செய்து கொடுத்த கல்லூரி, மருத்துவமனை, உங்களைப் பற்றிச் செய்தி போட்ட உள்ளூர்ப் பத்திரிகை, எல்லாம் இதே வழிதான்.

முன்பின் தெரியாதவருக்கு எழுதுவதானால் நான்கு வரி போதும். ‘ஐயா, வீடு கட்டும் செலவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் போர்வெல்லுக்கு ஒரே தொகையாகப் போட்டிருக்கிறீர்கள். ஆழத்தைப் பொறுத்து அது மாறும் விதத்தை ஒரு பில்லோடு விளக்கி எழுதியிருக்கிறேன். உங்கள் வாசகர்களுக்குப் பயன்படுமா என்று பாருங்கள்.’ இவ்வளவுதான். அவர் எழுதியதைப் படித்திருக்க வேண்டும், உங்களிடம் கொடுக்க ஒன்று இருக்க வேண்டும். ஒரே கடிதத்தை ஐந்நூறு பேருக்கு அனுப்பினால் நீங்களும் அந்த வாட்ஸ்அப் ஆசாமியும் ஒன்றாகிவிடுவீர்கள்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பலரும் செய்திருப்பீர்கள். பெயர், முகவரி, போன் எண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். விடுமுறை நாட்களைச் சரியாகக் குறித்து வையுங்கள். ஐந்து நட்சத்திரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், அதுவும் விதிக்குப் புறம்பானது. யாராவது குறை எழுதினால் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை அடுத்து வரும் எல்லோரும் படிக்கிறார்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும் என்பது அடுத்த கேள்வி. மாதங்கள் ஆகும். தேதி குறித்து உத்தரவாதம் தருகிறவரை நம்ப வேண்டாம். இப்போது தேடலின் மேலேயே செயற்கை நுண்ணறிவு பதிலைச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது, பாதிப் பேர் உள்ளே வருவதே இல்லை என்று சிலர் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. பொதுவான தகவலை மட்டும் எழுதுகிற தளங்களுக்கு இது அடிதான். ஆனால் உங்கள் ஊரில் போன மாதம் போட்ட போரின் பில்லை அந்த இயந்திரம் எங்கிருந்து எடுக்கும்? ஒருவர் எழுதி வைத்தால்தான் உண்டு.

கடைசியாக, ஏற்கெனவே பேக்லிங்க் வாங்கியிருப்பவர்களுக்கு. பதற வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோல் என்று ஓர் இலவச வசதி இருக்கிறது. உங்கள் தளத்தை அதில் சேர்த்து, ‘மேனுவல் ஆக்‌ஷன்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் அந்த இணைப்புகளைக் கூகுள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும், நீங்களும் விட்டுவிடலாம். நடவடிக்கை எடுத்திருப்பதாக எழுதியிருந்தால், விற்றவரிடம் எந்தெந்தத் தளத்தில் வைத்தார் என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி, முடிந்தவற்றை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியாதவற்றை ‘டிஸவோ’ என்ற வசதி மூலம் கூகுளிடமே ஒப்படைத்துவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். நேர்மையாகச் சரிசெய்தவர்களின் தளங்கள் திரும்பி வந்திருக்கின்றன. அந்தப் பட்டியலைத் தர மறுத்து, “எடுத்தால் ரேங்க் இறங்கிவிடும்” என்று விற்றவர் மிரட்டினால் அடுத்த மாதத் தவணையை நிறுத்திவிடுங்கள். அந்தப் பணத்துக்கு, உங்கள் கடைக்கு வரும் கேள்விகளைக் கேட்டு எழுதி வைக்க, கல்லூரி முடித்த ஒரு பிள்ளையை வாரத்தில் இரண்டு அரை நாள் உட்கார வைக்கலாம்.